டார்க்ஸ்டாக்கர்ஸ்: திருகோணமலையிலிருந்து ஒன்லைனில் மோதுவோருக்கான கேள்வி பதில்

2022 ஆம் ஆண்டிலிருந்து இந்த கேமைத் திருகோணமலையில் இருந்தபடி ஒன்லைனில் விளையாடுகிறேன். உவர்மலைப் பொடியன்கள், கிண்ணியா, மூதூர்த் தம்பிமார், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் என்று எல்லோரும் ஒரே கேள்விகளையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

இது என்ன கேம்?

கப்கொம் நிறுவனம் 1994இல் ஆர்கேட் இயந்திரங்களுக்காக (கடைகளில் காசு போட்டு விளையாடுபவை) வெளியிட்ட சண்டை கேம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் செய்தவர்கள்தான் இதையும் செய்தார்கள். அதே ஆறு பொத்தான்: மூன்று குத்து, மூன்று உதை. ஆனால் மோதுவோரில் மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். டிமித்ரி ஓர் இரத்தக் காட்டேறி. மோரிகனை நம் மொழியில் மோகினி என்று சொன்னால் ஏறக்குறையச் சரி. ஜோன் டால்பெயின் ஓநாய் மனிதன், விக்டர் ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட பிண மனிதன், அனகாரிஸ் எகிப்திய மம்மி, பிஷமொன் சபிக்கப்பட்ட கவசத்துக்குள் அகப்பட்ட சாமுராய். பூனைப் பெண் ஃபெலிசியா, மீன் மனிதன் ரிகுவோ, பனிமலை சாஸ்குவாட்ச், கிற்றார் வாசிக்கும் பிணமான லோர்ட் ராப்டர் ஆகியோரும் முதல் பாகத்திலேயே இருக்கிறார்கள்.

ஜப்பானில் இதன் பெயர் வாம்பயர். இரண்டாம் பாகம் 1995இல் நைட் வாரியர்ஸ் என்று வந்தது, அங்கே அது வாம்பயர் ஹன்டர். மூன்றாவது 1997இல் வாம்பயர் சேவியர். வெளிநாட்டுக் கொன்சோல்களில் (வீட்டு டிவியில் பூட்டி விளையாடும் பெட்டிகள்) அதையே டார்க்ஸ்டாக்கர்ஸ் 3 என்பார்கள். ஒரே பாகத்துக்கு இரண்டு பெயர் இருப்பதால் கடையில் குழம்ப வேண்டாம்.

"பேய் பிசாசு விளையாட்டு பிள்ளைக்கு எதற்கு?" என்று அம்மா கேட்கிறா. என்ன சொல்வது?

இந்தக் கேள்வியை என் பெரியம்மாவே கேட்டா. அவவுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

பத்துத் தலை இராவணனை அரக்கன் என்று சொல்லி உருவம் செய்து எரிக்கும் ஊர்கள் உண்டு. நம் ஊரில் அப்படியா? கோணேசர் கோயிலுக்குப் போகும் எவரும் மலைப்பிளவில் நின்று இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். தாய்க்குக் கடைசிக் கிரியை செய்ய அவன் உண்டாக்கியதாகச் சொல்லும் கன்னியா வெந்நீர் ஊற்று ஏழிலும் குளித்துத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம். அரக்கனுக்கும் ஒரு தாய் இருந்தாள், அவளுக்காக அவன் அழுதான் என்று சின்ன வயதிலேயே கேட்ட ஊர் இது.

இந்த கேமும் அந்தப் பக்கத்தில் நின்றுதான் கதை சொல்கிறது. ஃபெலிசியாவுக்கு மேடையில் ஆடிப் பாட வேண்டும் என்பதே கனவு. சீனப் பிணப்பேயான ஷியென் கோ தனியாகச் சண்டைக்கு வருவதில்லை. அவள் தலையில் ஒட்டியிருக்கும் மந்திரத் தாள் அவளுடைய இரட்டைச் சகோதரி. டொனவன் பாதி காட்டேறியாகப் பிறந்ததால் தன்னையே வெறுத்துக்கொண்டு பேய் வேட்டைக்குப் போகிறவன். எல்லோரிலும் கொடூரமான ஆள் மூன்றாம் பாகத்தில் வரும் சிவப்பு முக்காட்டுச் சிறுமி பி.பி. ஹுட். கூடைக்குள் துப்பாக்கியோடு காசுக்காகக் கொல்கிறவள், சுத்தமான மனிதப் பிறவி. செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இரத்தம் வரும், பெண் பாத்திரங்களின் உடை குறைவு. அமெரிக்காவில் இதற்குப் பதின்ம வயதினருக்கான தரமே கொடுத்திருக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் போட்டுக் கொடுக்க மாட்டேன்.

எதை வாங்குவது?

கப்கொம் ஃபைட்டிங் கலெக்ஷன். 2022 ஜூன் 24இல் வந்தது. நாங்கள் பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துக்கொண்டும் இருந்த மாதம் அது. பத்து கேம் உள்ளே இருக்கிறது, அதில் ஐந்து டார்க்ஸ்டாக்கர்ஸ். ஜப்பானுக்கு வெளியே அதற்குமுன் வராத வாம்பயர் ஹன்டர் 2, வாம்பயர் சேவியர் 2 இரண்டும் சேர்த்தி. ரெட் எர்த் என்று இன்னொன்றும் இருக்கிறது. 1996இல் ஆர்கேட்டில் வந்து, இந்தத் தொகுப்பில்தான் முதன்முதலாக வீட்டுக் கொன்சோலுக்கு வந்தது. பெரிய பெரிய பூதங்களோடு மோதுவது. அதையும் ஒருமுறை பாருங்கள்.

பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), எக்ஸ்பாக்ஸ் வன், ஸ்விட்ச் கொன்சோல்களிலும், கணினிக்கு ஸ்டீம் என்ற இணையக் கடையிலும் கிடைக்கிறது. பிஎஸ்4 தட்டு பிஎஸ்5இலும் ஓடும். வந்தபோது விலை 39.99 டொலர். சலுகை போடும் நாட்களில் அதைவிடக் குறைவாகக் கிடைக்கும், அவசரப்பட வேண்டாம்.

வாங்க முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஎஸ்4 வைத்திருப்பவர் ஸ்விட்ச் வைத்திருப்பவரோடு மோத முடியாது. ஒரே வகைக் கொன்சோலுக்குள் மட்டும்தான். ஆகவே எது மலிவு என்று பார்க்காமல், உங்களோடு விளையாடப்போகிறவர்கள் எதில் இருக்கிறார்கள் என்று கேட்டு அதை வாங்குங்கள். சொந்தக்காரப் பொடியன் ஸ்விட்சில் வாங்க, நான் பிஎஸ்4இல் வாங்கி, இருவரும் ஆறு மாதம் தனித்தனியே விளையாடினோம்.

இலங்கையில் கணக்குத் திறப்பது எப்படி?

பிளேஸ்டேஷன் கணக்கு திறக்கும்போது வரும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பலரிடம் வேறு நாட்டுக் கணக்குத்தான் இருக்கிறது. கணக்கு எந்த நாட்டதோ கிஃப்ட் கார்டும் அந்த நாட்டதாக இருக்க வேண்டும். சிங்கப்பூர்க் கணக்குக்கு அமெரிக்க கார்ட் வாங்கி ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். ஸ்டீமில் இந்தச் சிக்கல் இல்லை, இலங்கைக்கு டொலரில் விற்கிறார்கள். பிஎஸ்4, ஸ்விட்ச் இரண்டிலும் ஒன்லைன் மோதலுக்கு மாதச் சந்தா அல்லது ஆண்டுச் சந்தா தேவை. ஸ்டீமில் தேவையில்லை.

பழைய பிஎஸ்3 இருக்கிறது. அதில் முடியாதா?

டார்க்ஸ்டாக்கர்ஸ் ரெசரெக்ஷன் என்ற பெயரில் 2013இல் பிஎஸ்3க்கும் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் வந்தது. இரண்டாம், மூன்றாம் பாகங்கள் உள்ளே இருக்கின்றன. நல்ல வேலைப்பாடு. ஆனால் எக்ஸ்பாக்ஸ் 360 கடையை 2024 ஜூலை 29இல் மூடிவிட்டார்கள், பிஎஸ்3இல் இப்போது ஆள் கிடைப்பதும் அரிது. வீட்டில் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து விளையாட அது போதும்.

ஐந்தில் எதில் தொடங்க வேண்டும்?

வாம்பயர் சேவியர். உலகம் முழுக்க இதை இன்றும் விளையாடுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறார்கள்.

மற்றச் சண்டை கேம்களில் ஒரு சுற்று முடிந்தால் இருவருக்கும் உயிர் நிரம்பும், திரும்ப நடுவில் வந்து நிற்பார்கள். சேவியரில் அது இல்லை. ஒருவர் விழுந்தால் எழுந்து புது உயிரோடு வருவார், வீழ்த்தியவர் மிச்சம் இருக்கும் உயிரோடு அப்படியே தொடர வேண்டும். மூச்சு விட இடமில்லை. அத்தோடு வாங்கும் அடியில் ஒரு பகுதி உயிர்க் கோட்டில் வெள்ளையாகத் தெரியும். கொஞ்ச நேரம் அடி வாங்காமல் தப்பினால் அந்த வெள்ளைப் பகுதி மெல்ல மெல்லத் திரும்பி வரும். அதனால் முன்னணியில் இருப்பவர் பின்வாங்கி ஒளிய முடியாது, தள்ளிக்கொண்டே போக வேண்டும். இந்த ஒரு ஏற்பாடுதான் மொத்தச் சண்டையையும் வேகமாக்குகிறது. இதை யோசித்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும் போல இருக்கும் எனக்கு.

அதற்குமேல் மூன்று விஷயம் பழகினால் போதும். மெல்லிய அடியிலிருந்து நடுத்தர அடி, அதிலிருந்து பலத்த அடி என்று சங்கிலியாகக் கோப்பது முதலாவது. அடியைத் தடுத்துக்கொண்டிருக்கும்போது பொத்தான்களைப் படபடவென அழுத்தி எதிராளியைப் பின்னே தள்ளுவது இரண்டாவது; மூலையில் அகப்பட்டவனுக்கு இதுதான் மூச்சு. மூன்றாவது டார்க் ஃபோர்ஸ். ஒரே பலமுள்ள குத்தையும் உதையையும் சேர்த்து அழுத்தினால் சக்திக் கட்டம் ஒன்று போகும், பதிலுக்குக் கொஞ்ச நேரம் உங்கள் பாத்திரத்துக்கே உரிய தனிச் சக்தி வரும்.

யாரை எடுப்பது?

மோரிகன். கீழிருந்து முன்னே உருட்டிக் குத்தினால் எறிபந்து, எதிரி பாய்ந்து வந்தால் மேலெழும் வெட்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் தெரிந்த கைக்கு உடனே பழகும். சாஸ்குவாட்சும் குயின் தேனீயான கியூ பீயும் பலசாலிகள் என்று பெயர் எடுத்தவர்கள். அனகாரிஸை முதல் மாதம் தொடாதீர்கள், அவர் நடையே வேறு.

அந்தத் தூரத்தில் இருப்பவரோடு எப்படி ஒரே நேரத்தில் மோத முடிகிறது?

நான் அதிகம் விரும்பும் கேள்வி இது.

முன்பு வெளிநாட்டுக்கு ஃபோன் எடுத்தால் "ஹலோ" சொல்லிவிட்டுப் பொறுத்திருப்போம். அந்தப் பக்கம் கேட்டு, பதில் வந்து சேர்ந்த பின்தான் அடுத்த சொல். பழைய ஒன்லைன் சண்டை கேம்களும் அப்படித்தான் நடந்தன. நீங்கள் பொத்தானை அழுத்தினாலும் எதிராளியின் அழுத்தம் வந்து சேரும்வரை திரை காத்திருக்கும். கை ஒரு நேரத்தில், படம் ஒரு நேரத்தில். சண்டை கேமில் அது தண்ணீருக்குள் நடப்பது போல இருக்கும்.

ரோல்பேக் என்ற முறை காத்திருப்பதில்லை. இந்தச் சண்டை செக்கனுக்கு 60 படங்களாக ஓடுகிறது. ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி செக்கனுக்கும் சற்றுக் குறைவு. ஒருவன் இப்போது முன்னே நடந்துகொண்டிருந்தால் அடுத்த 17 மில்லி செக்கனிலும் அநேகமாக முன்னேதான் நடப்பான். ஆகவே கொன்சோல் அப்படியே ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது. உண்மையான அழுத்தம் வந்து சேர்ந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஊகம் சரியென்றால் ஒன்றும் நடக்காது. பிழையென்றால் பிழை நடந்த படத்துக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து சரியான அழுத்தங்களோடு மறுபடி கணக்கிட்டு, கண் இமைக்க முன் இப்போதைய நேரத்துக்கு வந்துவிடும். உங்கள் கண்ணுக்குத் தெரிவது எதிராளி சட்டென்று ஒரு சின்னத் துள்ளல் துள்ளியது மட்டும்.

ஜிஜிபிஓ என்ற பெயரில் இந்த முறையைச் சண்டை கேம்களுக்குக் கொண்டுவந்தவர் டோனி கெனன். 2006இல் தொடங்கிய வேலை. 2013இன் ரெசரெக்ஷன் ஓடியதும் இதில்தான். 2019இல் அதன் நிரலையே எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார். 2022 தொகுப்பிலும் ரோல்பேக் முறைதான். பெரிய நகரங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்து ஆர்கேட் இருந்தது. போர்க்காலத் திருகோணமலையில் 1994இல் அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லை. இன்றைக்கு வீட்டில் இருந்து ஒசாகாக்காரன் ஒருவனோடு நேர்மையாக மோத முடிகிறதென்றால் அதற்கு இந்த மனிதரும் ஒரு காரணம்.

கனடாவில் மச்சான், லண்டனில் அண்ணா, சிங்கப்பூரில் நண்பன். யாரோடு நன்றாக ஓடும்?

சிங்கப்பூர். இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 26 மில்லி செக்கன். இது எந்தக் கம்பனியாலும் குறைக்க முடியாத கணக்கு, மெய்யான பாதை இதைவிட நீளம்.

நம் துறைமுகத்தில் உலகத்துக் கப்பலெல்லாம் வந்து நின்றாலும், இலங்கையின் கடலடி இணையக் கேபிள்கள் கரையேறியது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கம். எனவே கடலுக்கு நேர் அப்பால் 500 சொச்சம் கிலோமீட்டரில் இருக்கும் சென்னைக்கும் உங்கள் குத்து முதலில் மேற்குக் கரைக்குப் போய்த்தான் போகும். அப்படியிருந்தும் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா எல்லாம் நன்றாக ஓடுகின்றன.

லண்டன் நேர்கோட்டிலேயே சுமார் 8,700 கிலோமீட்டர். ரோல்பேக் இருப்பதால் விளையாடலாம், துள்ளல்கள் தெரியும். கனடா அதைவிடத் தூரம். ஒளி நேராகப் போனாலே 130 மில்லி செக்கனைத் தாண்டும். அதாவது எட்டுப் படம். வெற்றி தோல்விக்கு அது சரிவராது. ஆனால் நான் என் சித்தப்பா மகனோடு ஒவ்வொரு ஞாயிறும் விளையாடுகிறேன். பதினான்கு வருடமாக நேரில் காணாத பொடியன் விக்டரை எடுத்துக்கொண்டு ஓடிவந்து முட்டும்போது துள்ளலை யார் எண்ணுகிறார்கள்?

வைஃபை போதாதா?

போதாது. கேபிள் போடுங்கள். வைஃபையில் சராசரி வேகம் நன்றாக இருந்தாலும் இடைக்கிடை சிக்னல் தடுமாறும், ஒவ்வொரு தடுமாற்றமும் எதிராளியின் திரையில் துள்ளலாக விழும். அதாவது உங்கள் வைஃபைக்குத் தண்டனை அனுபவிப்பவர் மற்றவர். 4ஜி ரௌட்டர் மட்டுமே இருக்கும் வீடுகளில் அதைக் கடற்கரைப் பக்க ஜன்னலில் வைக்காமல் டவர் இருக்கும் பக்கம் வையுங்கள், அதிலிருந்து கொன்சோலுக்குக் கேபிள் இழுங்கள்.

டேட்டா முடிந்துவிடுமா?

முடியாது. இரண்டு பக்கமும் பரிமாறுவது பொத்தான் அழுத்தங்களை மட்டும்தான், படத்தை அல்ல. முழு இரவும் மோதினாலும் ஒரு சினிமாப் படம் பார்த்த அளவு போகாது. தரவிறக்கத்துக்குத்தான் டேட்டா வேண்டும். உங்கள் பக்கேஜில் நள்ளிரவுக்குப் பின் தனி டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் இறக்குங்கள்.

எந்த நேரத்தில் ஆள் கிடைக்கும்?

ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. இங்கே இரவு 9 மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. ஆகவே மாலை 5 மணியிலிருந்து 8 மணிக்குள் உட்காருங்கள். சிங்கப்பூர், மலேசியாக்காரருக்கு இரண்டரை மணி நேர வித்தியாசம், அவர்களோடு 9 மணி வரை போகலாம். யாரும் இல்லையென்று முதல் நாளே மூடிவிடாதீர்கள். தொகுப்பில் பல கேம்களுக்கு ஒரே நேரத்தில் ஆள் தேடும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பயிற்சியில் இருங்கள்.

மோதலின் நடுவில் கரண்ட் போனால்?

ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைத்தால் இணையம் அறுபடாது, ஆனால் டிவியும் கொன்சோலும் போய்விடும். அதற்கு நம்மால் செய்யக்கூடியது ஒன்றுதான். கரண்ட் வந்ததும் அந்த ஆளைத் தேடி ஒரு செய்தி அனுப்புங்கள். தோற்கும் நேரத்தில் வயரைப் பிடுங்கிவிட்டு ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். நாம் அந்தக் கூட்டம் இல்லையென்று அவருக்குத் தெரிய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், மன்னிப்புச் செய்தியைப் பிறகு அனுப்பலாம், எல்லா வயரையும் கழற்றுங்கள்.

கொன்ட்ரோலர் சீக்கிரம் பழுதாகிறதே?

உப்புக்காற்று. டச்சுக்குடா, உப்புவெளிப் பக்க வீடுகளில் இது அதிகம். விளையாடி முடிந்ததும் ஈரமில்லாத துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் சப்பாத்துப் பெட்டியில் வரும் மாதிரியான ஈரம் உறிஞ்சும் சிறு பைகளோடு வையுங்கள். கேபிள் முனைகளில் பச்சை படிந்தால் மாற்றிவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் கொன்சோலைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சூட்டுக்கு வழி வேண்டும்.

ஒரு பொத்தானில் விசேட அடி விழும் வசதி இருக்கிறது. அது கள்ளமா?

இல்லை. கேமே கொடுப்பது அது. விரல் வலியுள்ளவர்களும் புதியவர்களும் தாராளமாகப் பயன்படுத்தட்டும். என் தங்கச்சி அதை வைத்தே என்னை வெல்கிறா.

தோற்றுக்கொண்டே இருக்கிறேன். விடலாமா?

இருபத்தைந்து வருடம் விளையாடியவர்கள் எதிரே நிற்கிறார்கள் என்பதை முதலில் நினைவில் வையுங்கள். முதல் 50 மோதலில் வெல்ல முயல வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள்: இன்றைக்குப் பாய்ந்து வருபவரை மேலெழும் வெட்டால் அடிப்பது மட்டும். நாளைக்கு மூலையிலிருந்து தள்ளி வெளியேறுவது மட்டும். கிண்ணியாத் தம்பி ஒருவர் இப்படியே நான்கு மாதம் தோற்றார். "நானா, இன்டைக்கு ஒண்டு எடுத்துட்டன்" என்று இரவு பதினொரு மணிக்கு எனக்கு வந்த குரல் செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான்காவது பாகம் வருமா?

1997க்குப் பிறகு புதுப் பாகம் இல்லை. 2012இல் கப்கொமின் யொஷினொரி ஒனோ டார்க்ஸ்டாக்கர்ஸ் சாகவில்லை என்று மேடையில் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த ரெசரெக்ஷன் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. வரப்போவதற்காகக் காத்திருக்காமல் இருப்பதை விளையாடுங்கள்.

உங்களோடு விளையாடலாமா?

வாருங்கள். சனிக்கிழமை இரவு 7 மணிக்கு பிஎஸ்4இல் தனி அறை திறப்பேன், ஒன்பது பேர் வரை சேரலாம். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விடும் முறை. முதல் நாள் வருபவருக்கு முதல் மூன்று ஆட்டம், தோற்றாலும் எழும்பத் தேவையில்லை. கேபிள் போட்டுவிட்டு வாருங்கள்.